வடிகட்டி எல்லாக் கணக்குக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு,

படப் பகிர்வுத் தளங்களில் சிறார் பாதுகாப்பு குறித்த தங்கள் தலையங்கம் வாசித்தேன். இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும், சிறார்களுக்கு ஒவ்வாத படங்களை வடிகட்டும் பதின்வயதினர் கணக்கை அறிவித்தது. 16 வயதுக்குட்பட்டோர் அதன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகள் பார்ப்பது அம்மாவின் போனை. கணக்கில் இருப்பதும் அம்மாவின் வயது. அங்கே இந்த வடிகட்டி என்ன செய்யும்?

மார்கழியில், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் வேறொரு தளத்தில் கோலம் தேடினாள். நாலைந்து கோலங்களுக்குக் கீழே ஆபாசப் படம். போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, கோலப்பொடி ஒட்டிய கையோடு என்னிடம் வந்து நின்றாள். பேச்சே வரவில்லை. எந்தக் கணக்கானாலும் வடிகட்டி முதலிலேயே இயங்கட்டும். வேண்டாம் என்கிற பெரியவர்கள் வயதை நிரூபித்து நீக்கிக்கொள்ளட்டும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்