பாப்பாவுக்கு, ஹெட்போன் பற்றி

காசிமேடு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் கேட்டபோது வாசலில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு ரேடியோ செட் பாடிக்கொண்டிருந்தது. பாதிதான் காதில் விழுந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கையில் ஐயாயிரம் இருக்கிறது, பாட்டுக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு ஹெட்போன் வேண்டும் என்றாய். அவசரப்பட்டு எதுவும் வாங்காதே. மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் 'கிர்ர்' என்கிறது என்றாயே, நீ கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க ஜாக்கில்தானே செருகுகிறாய்? அங்கிருந்து மதர்போர்டு வரை ஒரு மெல்லிய ஒயர் பெட்டிக்குள்ளேயே ஓடுகிறது. போகிற வழியில் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பின்பக்கம் பச்சை ஜாக் இருக்கும், அதில் செருகிப் பார். கரண்ட் ஒயரையும் மைக் ஒயரையும் சேர்த்துக் கட்டாதே என்று நம் ரேடியோ செட் பையன்களிடம் நான் கத்துவதும் இதற்குத்தான்.

அப்படியும் போகவில்லையா, யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன டாக் (DAC) ஒன்று வாங்கு. விரல் நீளம்தான் இருக்கும். டிஜிட்டலை ஒலியாக மாற்றுகிற வேலை பெட்டிக்கு வெளியே நடப்பதால் உள் இரைச்சல் பெரும்பாலும் ஒட்டாது. அட்டையில் ஓம் என்று ஒரு எண் போட்டிருக்கும், அது ஹெட்போனின் மின்தடை. 32 ஓம் ஹெட்போனுக்கு அதே டாக் போதும். 250 ஓம் வாங்கினால்தான் தனி ஆம்ப்ளிஃபையர் தேடி அலைய வேண்டும்.

மிச்சப் பணம் முழுக்க ஹெட்போனுக்கே. ஒயர் உள்ளதாக வாங்கு. ப்ளூடூத்தில் சத்தம் பிந்தி வரும், அதன் மைக்கில் பேச ஆரம்பித்தால் பாட்டும் மங்கிவிடும். அட்டையில் 7.1 என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. சுற்றிலும் கேட்பதுபோலக் காட்டுவது பெரும்பாலும் மென்பொருள்தான். அதே வேலையைச் செய்கிற விண்டோஸ் சோனிக் உன் கம்ப்யூட்டரிலேயே இலவசமாக இருக்கிறது. கேமிலும் அந்த வசதி இருந்தால் ஏதாவது ஒன்றை அணைத்துவிடு.

தீபாவளிக்கு வரும்போது ரிச்சி ஸ்ட்ரீட் போவோம், காதில் மாட்டிப் பார்த்தே வாங்கலாம். நம்ம ஏரியா கானா ஒன்றைப் போட்டுக் கேள். டோலக் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழ வேண்டும், பாடுகிறவர் குரல் அதில் முங்கக்கூடாது. கல்யாண வீட்டில் செட் போட்டதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அப்புறம், இதுதான் எனக்கு முக்கியம். இருபத்தேழு வருஷம் கூம்பு ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றேன். இப்போது ராத்திரியானால் இடது காதில் விசில் மாதிரி ஒரு சத்தம், நிற்பதே இல்லை. போய்விட்ட கேட்கும் சக்தி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிராளியின் காலடி கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றாதே, கண்ணு. ஈக்வலைசரில் பேஸை, அதாவது அடித்தொண்டைச் சத்தத்தை, குறைத்துப் பார், காலடி மேலே வரும்.

அம்மா வஞ்சிரக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், இந்த வாரம் பார்சல் போடுகிறேன். பின்பக்க ஜாக்கில் செருகிப் பார்த்துவிட்டு போன் பண்ணு. வலது காதில் வைத்துப் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா