கேமராவை அணைத்து வைத்த ஒன்பது நாள்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை "என் உடம்பு எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். நீ கேட்டதில் தப்பே இல்லை. "சைக்கிள் ஓட்டாதேன்னு சொல்லலம்மா, இந்த வயசுல ரேஸ் எதுக்கு" என்றுதான் கேட்டாய். சரியான பதில் அப்போது என்னிடம் இல்லை, இருந்திருந்தால் கோபம் வந்திருக்காது. ஆறு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேசினால் மறுபடியும் குரல் உயரும், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்த ஒன்பது நாள். ரேஸில் விழுந்த அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அப்பா சொன்னார், நான்தான் கூடாது என்று தடுத்தேன். நீ புது வேலையில் சேர்ந்த மாதம், தூரத்தில் தனியாக இருக்கிறாய், இதைக் கேட்டால் தூங்க மாட்டாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். "நெட் சரியில்லை" என்று சொல்லி ஒவ்வொரு நாளும் கேமராவை அணைத்து வைத்தேன். பத்தாம் நாள் கழுத்தில் ஸ்லிங் தொங்குவதைப் பார்த்துவிட்டு நீ கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை பார், அந்த மௌனம் எலும்பு உடைந்ததைவிட அதிகமாக வலித்தது. நீ காலேஜில் காய்ச்சலை மறைத்து வைத்தபோது உன்னை எவ்வளவு திட்டினேன். அதையே நான் செய்தேன். மன்னித்துவிடு.

இரண்டாவது, எப்படி விழுந்தேன் என்பதையும் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. "வழுக்கிவிட்டது" என்றேன். வழுக்கவில்லை, தப்பு என்னுடையது.

குழுவாக ஓட்டும்போது நடப்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் இது உனக்குப் புரியும். சமதளத்தில் வேகமாகப் போகும்போது சண்டையெல்லாம் காற்றோடுதான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றை வெல்ல மட்டும் எட்டு மடங்கு சக்தி கேட்கும். அதனால்தான் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகிறோம். மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் அளப்போம். முன்னால் இருப்பவர் 200 வாட் மிதிக்கும் வேகத்தில் அவருக்குப் பின்னால் நான் 140 மிதித்தால் போதும், அவ்வளவு மிச்சம். ஆனால் அந்த மிச்சம் கிடைக்க அவருடைய பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி இருக்கலாம். பக்கவாட்டில் காற்று அடித்தால் நேர் பின்னால் நிழல் கிடைக்காது, சாய்வாக வரிசை போட வேண்டும், அப்போது என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. முடிவுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர், சாலை லேசாக வளைந்தது, காற்றின் திசை மாறியது, முன்னால் போனவர் ஒரு சாண் நகர்ந்தார். அவர் நகர்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்த நொடியில் தலையைக் குனிந்து ஹேண்டில்பாரில் இருந்த சின்னத் திரையில் வாட் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் உரசியது. இப்படி உரசினால் முன்னால் இருப்பவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார், பின்னால் இருப்பவருக்குத்தான் திருப்பும் சக்கரமே கையை விட்டுப் போய்விடும். தோள் முதலில் தரையில் பட்டது. எனக்குப் பின்னால் வந்தவர் புல்லில் இறங்கி எப்படியோ சமாளித்துக்கொண்டார். மறுநாள் அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், முன்னால் போனவரிடமும் கேட்டேன்.

எனக்கு உடைந்தது காறை எலும்பு, அதுதான் சைக்கிள் ரேஸில் அடிக்கடி உடைகிற எலும்பு. ஆபரேஷன் தேவைப்படவில்லை, ஏழு வாரத்தில் எக்ஸ்ரேயில் நன்றாகச் சேர்ந்துவிட்டது. ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியைத்தான் தாங்கும், அதனால் அதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கிவிட்டேன். சைக்கிளில் பின் கியரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு வளைந்துபோனது. அது வளைவதற்கென்றே செய்தது, அது வளைந்துகொடுப்பதால் சட்டம் பிழைத்துக்கொள்கிறது.

டாக்டர் இதோடு விடாமல் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 1.6 வந்தது. மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழோ போனால் எலும்புப் புரை நோய். நான் நடுவில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக இவ்வளவு ஓட்டியும் ஏன் இப்படி என்று எனக்கு முதலில் புரியவில்லை. காரணம் எளிமையானது: சைக்கிளில் உடம்பின் எடையை சீட்டு தாங்கிவிடுகிறது, எலும்புக்கு அதிர்ச்சியே போவதில்லை, அதிர்ச்சியும் பாரமும் இல்லாமல் எலும்பு வலுப்பெறாது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இவ்வளவு செய்கிற ஒரு விளையாட்டு எலும்பைக் கண்டுகொள்வதே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும் என்பதும் சேர்ந்துகொண்டது. நீ இப்போதே தெரிந்துகொள், பாப்பா, நீயும் ஒருநாள் இந்த வயதுக்கு வருவாய். நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குகிறேன், ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும், ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார். ஐந்து வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

நீ கிளம்பிப் போன பிறகு என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று உனக்கு நான் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். நாலரைக்கு எழுந்துவிடுவேன். முந்தின ராத்திரியே டயரில் காற்று, விளக்கில் சார்ஜ், தண்ணீர் பாட்டில் எல்லாம் தயார். ஆபீஸ் கிளம்புவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். வாரத்துக்கு மொத்தம் எட்டு மணி நேரம்தான், அதற்கு மேல் வேலையும் வீடும் இடம் கொடுக்காது. அந்த எட்டில் ஆறரை மணி நேரம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய மெதுவான வேகம். மிச்சம் மட்டும்தான் கடினம், ஏற்றத்தில் எட்டு நிமிடம் முழு மூச்சாக, நாலு நிமிடம் ஓய்வு, அப்படி நாலு முறை. நாற்பத்தைந்தில் தொடங்கியபோது ஒரு கடினமான நாளுக்குப் பிறகு ஒரு நாள் விட்டால் போதும். இப்போது மூன்று நாள் விடாவிட்டால் கால் கல்லாகக் கிடக்கிறது. வயது எங்கே தெரிகிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், வேகத்தில் அவ்வளவு தெரியவில்லை, மீண்டு வருவதில்தான் தெரிகிறது. இதயத் துடிப்பின் உச்சமும் வருடத்துக்கு வருடம் இறங்குகிறது, எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அதைத் தடுக்க முடியாது.

அப்புறம், போனில் ராபர்ட் மார்ஷாண்டைப் பற்றிச் சொல்ல வந்தேன், நீ "அவர் ஒருத்தர்தானேம்மா" என்று வெட்டிவிட்டாய். அவர் ஒருத்தர்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் முழுதாகக் கேள். பிரான்ஸ்காரர், 1911-ல் பிறந்தவர். 2012-ல் நூறு வயதில் வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கான வட்டத் தடத்தில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினார். இரண்டு வருடம் கழித்து, 102 வயதில், 26.927 கிலோமீட்டர். கூடியிருக்கிறது, பாப்பா, குறையவில்லை. நடுவில் வெரோனிக் பிலா என்ற உடலியல் பேராசிரியை அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்து அளந்து பார்த்தார். பெரும்பகுதி மெதுவாக, ஐந்தில் ஒரு பங்கு கடினமாக. மார்ஷாண்டின் உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35-க்கு ஏறியது. 2017-ல் 105 வயதில் மறுபடி ஓட்டியபோது தூரம் குறைந்து 22.547 கிலோமீட்டர் ஆனது. அதற்காக அவர் ஓட்டாமல் விடவில்லை. 109 வயதுவரை இருந்தார். நான் அவராக ஆகிவிடுவேன் என்று சொல்லவில்லை. இறங்குகிற பாதையில்கூட கொஞ்ச தூரம் ஏற முடியும் என்று அந்த எண்களைப் பார்க்கும்போது தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் சைக்கிள் ஓட்டுவதற்கான காரணம், ரேஸுக்கு இல்லை. நீ கேட்டது ரேஸைப் பற்றி.

தனியாக ஓட்டும்போது ஏற்றத்தில் மூச்சு முட்டினால் கியரைக் குறைத்துவிடுவேன். இவ்வளவுதான் நான் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். ரேஸில் முன்னால் போகிறவருடைய சக்கரம் ஒரு கை அகலம் விலகினாலே தெரிந்துவிடும், இப்போது விட்டால் காற்று முழுதாக நெஞ்சில் வந்து அடிக்கும், அதன் பிறகு பிடிக்கவே முடியாது என்று, அந்தப் பயத்தில் கால் இன்னும் இருபது விநாடி மிதிக்கும், அதற்குள் ஏற்றம் முடிந்திருக்கும், நான் இன்னும் குழுவுக்குள் இருப்பேன். அந்த இருபது விநாடி எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. தனியாக நூறு காலை ஓட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது.

இன்னொன்று. வீட்டிலும் ஆபீசிலும் எல்லோரும் என் வயதுக்கு வழி விட ஆரம்பித்துவிட்டார்கள். பையை வாங்கிக்கொள்கிறார்கள், நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்கள், ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்கிறார்கள். அன்பினால்தான், தெரியும். ஆனால் எங்கள் ரேஸ்களில் பெண்கள் குறைவு என்பதால் எல்லா வயதுக்காரர்களையும் ஒன்றாகக் கிளப்பி விடுவார்கள், பரிசு மட்டும் ஐந்தைந்து வயதாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அங்கே முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி தோளோடு தோள் உரசி வளைவில் உள்பக்கத்தை எடுத்துக்கொள்வாள், எனக்காக ஒரு விரல்கூட விட்டுத்தர மாட்டாள். அப்படி நடத்தப்படுவது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அதே பெண் சாலையில் பள்ளம் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் கீழே நீட்டிக் காட்டுவாள், நான் அதை எனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவேன், அவர் அடுத்தவருக்கு. பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. முன்னால் இருப்பவர் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கையில்தான் எல்லோரும் கண்ணுக்குத் தெரியாத சாலையில் அந்த வேகத்தில் போகிறோம். அந்த ஒன்பது நாளை நினைத்தால் இந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. உனக்கு முன்னால் போகிறவள் நான், நான் கையைக் காட்டவில்லை.

அதனால் இதுதான் என் முடிவு. ரேஸை விடப்போவதில்லை. இந்த வருடம் குழு ரேஸ் கிடையாது, ஒவ்வொருவராகக் கிளம்பும் டைம் டிரையலும், ஒன்றிரண்டு மலையேற்ற ரேஸும் மட்டும், அங்கே வேகம் குறைவு, பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எலும்புப் பரிசோதனையை டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி எடுத்து அந்தத் தாளை அப்படியே உனக்கு அனுப்புகிறேன், எண் எப்படி இருந்தாலும். இதயத்துக்கு ஈசிஜி வருடா வருடம், ஏனென்றால் நிறைய வருடம் இப்படிக் கடினமாக ஓட்டுகிறவர்களுக்குத் துடிப்பு தாளம் தவறும் வாய்ப்பு அதிகம் என்பதையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. அடுத்த வருடம் குழுவுக்குத் திரும்பலாமா என்று அப்போது நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். நீ வேண்டாம் என்று சொன்னால் நான் கேட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். நீ சொல்வதை முழுதாகக் கேட்பேன், போனை வைக்க மாட்டேன். வாட் எண் காட்டும் திரையை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றிவிட்டேன், அது இப்போது முதுகுப் பாக்கெட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன்.

விழுவதற்கு முன் இருபது நிமிடச் சோதனையில் 187 வாட் மிதித்தேன், போன வாரம் 160 வந்தது. திரும்ப ஏற்றிவிடலாம், இரண்டு மூன்று மாதம் ஆகும்.

நாளைக் காலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டுக்குத் திரும்புவேன், விழுந்த பிறகு முதல் முறையாக வெளிச்சாலையில். நான் இருக்கும் இடம் உன் போனில் தெரிகிற மாதிரி அப்பா செய்து கொடுத்திருக்கிறார், உனக்கு இப்போதே லிங்க் வந்திருக்கும். ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும், அதுதான் நான். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் பஞ்சர் என்று நினைத்துக்கொள், தோள் இன்னும் கொஞ்சம் பிடிப்பாக இருப்பதால் டயரைக் கழற்ற எனக்கு நேரம் ஆகும். இருபது நிமிடம் தாண்டினால் கூப்பிடு. கேமராவோடு எடுக்கிறேன்.

அம்மா