லொறிச் சாரதிகள் சங்கம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சந்தா, மரணாதார நிதி விபரங்களைப் பொருளாளர் வாசிப்பார். இம்முறை நான் கூடுதலாகப் பேசப்போவது நம்முடைய கால்களைப் பற்றி.

சீனன்குடாவில் மா ஏற்றினால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிக் கொழும்பு சேரும்வரை ஆசனத்தை விட்டு இறங்காதவர்கள் நம்மில் பலர். காலிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது சுருங்கும்போது இரத்த நாளம் பிழிபடும்; உள்ளேயுள்ள வால்வுகள் இரத்தத்தைத் திரும்ப இறங்க விடாது. கால் அசையாவிட்டால் இரத்தம் தேங்கும். வால்வு பழுதானால் நாளம் புடைத்துச் சுருளும்; நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்வது இதைத்தான். பரம்பரையும் உடற்பருமனும் இதற்குக் காரணம்தான். ஆனாலும் இருந்த இருப்பு அதை மோசமாக்குகிறது. பட்டணத்துக்குள் கிளட்ச் மிதிக்கும் இடது காலுக்காவது வேலையுண்டு. நேர் றோட்டில் வலது காலுக்கு அதுவுமில்லை.

வைத்தியர் ஒருவரை அழைத்துக் கருத்தரங்கு வைத்தோம். “நரம்பு சுருட்டினது தொழிலோட வந்தது” என்று இருந்தவர்களும் அன்று சாறத்தை உயர்த்திக் காட்டினார்கள். கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்து அரித்தால், புண் வருமுன் கிளினிக்குக்குப் போகவேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் எண்ணெய் போட்டு உருவக்கூடாது. உள்ளேயிருக்கும் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். 4 மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணிப்பவருக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லிவிட்டது.

காலில் இரத்தம் தேங்காமலிருக்க எல்லோருக்கும் இறுக்கக் காலுறை வாங்கிக் கொடுப்போம் என்றொரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். நீரிழிவாலோ புகைத்தலாலோ, இரத்தத்தைக் கீழே கொண்டுவரும் நாடி அடைத்த காலுக்கு அது கேடு. வைத்தியர் பார்த்து, கால் அளந்து, துண்டு எழுதிக் கொடுத்தால் பாதி விலையைச் சங்கம் தரும் என்று முடிவாயிற்று. (திருமலை வெயிலில் எத்தனை பேர் போடுவார்கள் என்பது வேறு கதை.)

இறங்கி நடப்பதற்குச் செலவில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானைக்குப் பயந்து இறங்க முடியாது; ஆகவே காட்டுக்குள் நுழையுமுன்னும் வெளியே வந்தபின்னும் பத்து நிமிடமாவது நடவுங்கள். ஒதுங்க இடமில்லையென்று தண்ணீர் குடிக்காமல் ஓடாதீர்கள். இறக்குமிடத்து வரிசையில் கண்ணயரும்போது காலைத் தொங்கவிடாமல் டாஷ்போர்ட்டில் தூக்கிப் போடுங்கள்.

இப்படி நின்று போவதற்கு நேரம் ஒதுக்கித் தரும்படி லொறி முதலாளிமாருக்குக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. புதிய நிர்வாகம் நேரில் போய்ப் பேசவேண்டுமென்ற பிரேரணையோடு இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்