பாட்டிலில் ஊற்றும் முன் ஒரு சொட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுத்தமான தேனை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்று போன ஞாயிறு பதிப்பில் மூன்று சோதனைகளைப் போட்டிருந்தீர்கள்: தேனில் தோய்த்த தீக்குச்சி எரிந்தால், குவளைத் தண்ணீரில் தேன் கரையாமல் அடியில் உட்கார்ந்தால், காகிதத்தில் ஊறாவிட்டால் அது அசல் என்று. நான் பாலிக் பூலாவில் 11 வருடமாகத் தேன் பெட்டி வைத்திருப்பவள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. குவளைத் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் உட்காருவதைக் கெட்டியான சீனிப்பாகும் நன்றாகவே செய்யும். கெலுலுட் என்று நாம் வாங்குகிற கொசுத்தேனீயின் தேனோ இயல்பிலேயே நீர்த்தது. அசல் தேனாக இருந்தும் அது இந்தச் சோதனைகளில் தோற்றுவிடும். பாகு பாஸ், தேன் ஃபெயில் என்றால் அதென்ன சோதனை?

விற்பவரிடம் கேட்க வேண்டியது, "இதில் தண்ணீர் எத்தனை சதவீதம்?" என்பதுதான். எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன், கார்த்திகை மாதம், விடாத மழை. இன்னும் தள்ளிப்போட்டால் கெட்டுவிடும் என்று, தண்ணீர் இன்னும் வற்றாததால் தேனீக்கள் மெழுகால் மூடாத அடைகளையும் மூடியவற்றோடு சேர்த்து இயந்திரத்தில் சுற்றித் தேன் எடுத்துவிட்டோம். வடிகட்டி அன்று இரவே பாட்டிலில் ஊற்றியாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அபிஷேகத்துக்குக் கொடுக்க மூன்று பாட்டில் வாங்கிப் பூஜை அறையில் வைத்திருந்தார். கிளம்புகிற அன்று காலையில் ஒன்றைத் திருகியதும் புஸ்ஸென்று நுரை பொங்கித் தாம்பாளம் முழுக்க வழிந்துவிட்டது. கிட்டப் போனால் கள் வாடை. "என்ன தங்கச்சி, சீனித்தண்ணியா கலந்தே?" என்று அக்கா கேட்டார். ஒரு கரண்டி சீனிகூட அதில் இல்லை. ஆனால் சாமிக்கு வாங்கிய தேன். நான் என்ன சொல்லி என்ன? திறக்காத பாட்டில் ஒன்றைப் பிற்பாடு கருவி வாங்கி அளந்து பார்த்தேன். தண்ணீர் 22.5 சதவீதம்.

எந்தத் தேனிலும் ஈஸ்ட் கொஞ்சம் இருக்கும். தண்ணீர் 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் பெருக முடியாது. 20-ஐத் தாண்டினால் நொதிப்பது ஏறக்குறைய நிச்சயம். கோடெக்ஸ் என்கிற அனைத்துலக உணவுத் தரமும் சாதாரணத் தேனுக்கு 20 சதவீதத்தையே மேல் எல்லையாக வைத்திருக்கிறது. கெலுலுட் தேனின் கணக்கு வேறு. பதப்படுத்தாத கெலுலுட்டுக்கு 2017-இல் வந்த மலேசியத் தரம் 35 சதவீதம் வரை ஏற்கிறது. அதனால்தான் அதைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்கிறோம்.

அளப்பது ஒரு நிமிட வேலை. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற அந்தக் கருவி டார்ச் விளக்கு மாதிரி கைக்கு அடக்கமான குழாய். அதன் முனையில் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தேனை வைத்து, மேல் தகட்டை மூடி, காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைக்க வேண்டும். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் முதலில் வாங்கியது பழச்சாற்றுக்கு உரியது. பிரிக்ஸ் என்கிற இனிப்பு அளவில் 32-ஓடு முடிந்துவிட்டது. தேன் 80-ஐ ஒட்டி நிற்கும் பொருள். தேனுக்கென்றே தண்ணீர் சதவீதம் போட்ட கருவி தனியாக இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

நம் ஊர் வெயிலும் கணக்கைக் குழப்பும். இந்த அளவுகளெல்லாம் 20 டிகிரிக்கு வகுத்தவை. 30 டிகிரியில் திருத்தம் இல்லாமல் பார்த்தால் தண்ணீர் கிட்டத்தட்ட 1 சதவீதம் கூடுதலாகத் தெரியும். தானே திருத்திக்கொள்ளும் கருவிகளும் பொதுவாக 30 டிகிரி வரைக்கும்தான். ஆகவே காலையில், தேனும் கருவியும் ஒரே அறையில் அரை மணி நேரம் இருந்த பிறகு பாருங்கள். வாளியை நன்றாகக் கிளறிவிட்டு எடுங்கள். ஒருமுறை மேல் தேன் 21-ம் அடித்தேன் 19-ம் காட்டியது எனக்கு. பூத்து உறைந்த தேன் என்றால் முதலில் வெந்நீரில் வைத்து இளக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடே மங்கிவிடும்.

அப்புறம், காற்று. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனாலே 18 சதவீதத் தேன் தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். பினாங்கில் 80 சாதாரணம். அன்று இரவு முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து வடிகட்டினேனே, அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. இன்று கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டுத்தான் வாளியைத் திறக்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கருவி கலப்படத்தைக் காட்டாது. 18 சதவீதத் தண்ணீர் உள்ள பாகும் இதில் தேன் போலவே தெரியும். அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். ஆனால் பாட்டில் பொங்குமா, தாங்குமா என்பதை இது சொல்லிவிடும். தைப்பூச நேரத்திலும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் விற்கிறவர்கள் லேபிளில் தண்ணீர் சதவீதத்தையும் அளந்த தேதியையும் எழுதினால் போதும். நான் எழுதுகிறேன். 20-க்கு மேல் போனது எங்கள் வீட்டுச் சமையலுக்குத்தான், விற்பனைக்கு இல்லை.

தீக்குச்சி சோதனையைத் திரும்பப் போடும் முன் இதையும் பிரசுரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பாலிக் பூலாவ் பக்கம் தேன் எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சனிக்கிழமை காலை சந்தையில் என் மேசைக்கு வாருங்கள், காசில்லாமல் அளந்து தருகிறேன். உலர்ந்த கரண்டியால் எடுத்து, சின்னப் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி மூடிக் கொண்டுவாருங்கள். 

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் வாசகி,
பாலிக் பூலாவ், பினாங்கு