சேர்ந்திசைக் கூடத்துக்கு மேற்கூரை: ஊராருக்கும் வெளியூர் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளிநாட்டில் உழைக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

தங்கச்சிமடத்தில் நம் பிள்ளைகள் பல குரலில் சேர்ந்து பாடிப் பழக நாம் கட்டிவரும் சேர்ந்திசைக் கூடம் சுவர் மட்டத்தோடு நிற்கிறது. தூண் கம்பிகள் உப்புக்காற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தொட்டால் கையில் துரு ஒட்டுகிறது. ஐப்பசி மழைக்குள் கான்கிரீட் போடாவிட்டால் அந்தக் கம்பிகளை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டி வரும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 15க்குள் பணம் கைக்கு வந்தால்தான் சென்ட்ரிங் வேலை தொடங்கும். அதனால்தான் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு உங்கள் முன்னால் வந்து நிற்கிறோம்.

கூடத்துக்கு எம்.பி.சீனிவாசன் பெயரை ஏன் வைக்கிறீர்கள் என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். அவர் பூர்வீகம் மானாமதுரை. 1985இல் மாவட்டம் பிரியும்வரை மானாமதுரை நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்தான். அதனால் அவரை நம்மவர் என்று பெரியவர்கள் உரிமை கொண்டாடுவதில் தப்பே இல்லை. 1925இல் பிறந்தவர். சினிமாவுக்கு இசையமைத்தார், மலையாளத்தில் அவருக்குப் பெரிய பெயர். சினிமாவில் உழைத்த இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று பாடுபட்டார். இதெல்லாம் போக, 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். படிக்கிற பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள் என்று சாதாரண ஆட்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் நின்று கையசைத்துப் பாடவைத்தார். பாரதியின் பாட்டை நம் ராகம் கெடாமல் பல குரலாகப் பிரித்தார். ஒரு வரிசை மேலே ஏறிப் பாடும்போது இன்னொரு வரிசை கீழே நின்று அதைத் தாங்கும். அப்படிக் கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் அவர் காலமானார். நம்மைப் போலவே கடலை நம்பிப் பிழைக்கிற மக்கள் நடுவே அவர் உயிர் பிரிந்தது.

கடல் தாண்டியும் ஓர் உதாரணம் உண்டு. வெனிசுவேலாவில் பொருளாதாரம் படித்த இசைநடத்துநர் ஓசே அந்தோனியோ அப்ரேயு, 1975இல் பிள்ளைகளுக்கு ஓர் இசைக்குழு தொடங்கினார். முதல் ஒத்திகைக்கு வந்தவர்கள் 11 பேர். மனம் தளராமல் ஏழைப் பிள்ளைகளின் கையில் கருவியைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். 2018இல் அவர் கண்மூடும்போது லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த ஏற்பாட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் வளர்ந்த குஸ்தாவோ துதமேல் 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கே தலைமையேற்றார். நம்மிடம் இன்று 46 பிள்ளைகள் இருக்கிறார்கள்!

அவர்கள் இப்போது மீன் ஏலக்கூடத்தில்தான் பாடுகிறார்கள். ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் கீழ்க்குரல் பாடும் பையன்கள் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காமல் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடுகிறார்கள். இருக்கிற ஒரே ஆர்மோனியத்தில் மேல் காந்தாரத்தை அழுத்தினால் கட்டை எழும்புவதில்லை, ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது. ஆசிரியர் அதை விரலால் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். மொத்தச் செலவு 18,60,000 ரூபாய். இதுவரை வந்தது 11,35,000. குறைவது 7,25,000. இதில் கூரை கான்கிரீட்டுக்கு மட்டும் 3,40,000 வேண்டும். கதவு ஜன்னலுக்கு 1,45,000. மின்சார வேலைக்கு 85,000. ஆர்மோனியம், தபலா, பெஞ்சு எல்லாம் சேர்த்து 1,55,000.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கடல்பாசி எடுக்கும் நம் பெண்கள், இடுப்பளவு தண்ணீரில் முங்கி முங்கிச் சம்பாதித்த காசில் 60,000 ரூபாய் சேர்த்துத் தந்தார்கள். ஜமாஅத்தார் கேட்காமலே 100 மூட்டை சிமெண்ட் இறக்கினார்கள். பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் நமக்காகப் பேசினார். ராமேஸ்வரம் கோயில் வாசலில் பூ விற்கும் நம் ஊர் அக்காமார் ஆளுக்கு ஒரு நாள் வியாபாரத்தைத் தந்தார்கள். கருவாடு விற்கும் ஒரு பெரியம்மா மாதம் தவறாமல் 500 ரூபாய் கொண்டுவந்து, பெயர் போடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறார். துபாயிலும் குவைத்திலும் இருக்கும் தம்பிமார் அனுப்பியதில்தான் அஸ்திவாரமே எழும்பியது. தனுஷ்கோடி 1964 புயலில் அழிந்தபின் இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தாத்தா பாட்டி நினைவாகச் செங்கல் வாங்கித் தந்தார்கள். உங்கள் எல்லோரையும் சந்தியாகப்பரும் ராமநாதசுவாமியும் வல்ல இறைவனும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இலங்கைக் கடற்படையிடம் படகு பறிகொடுத்த வீடுகளில் நாங்கள் ரசீது புத்தகத்தை நீட்டவில்லை, நீட்டவும் மாட்டோம். ஆனால் பூமி பூசை அன்று மைக்கில் பெயர் சொல்லி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு ரூபாய்கூடத் தராதவர்கள் 23 பேர் இருக்கிறார்கள். உங்களை நம்பித்தான் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்தோம். உங்கள் பிள்ளைகளும் அந்த ஏலக்கூடத்தில்தான் நின்று பாடுகிறார்கள், அண்ணே. கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள்.

விசைப்படகு உரிமையாளர்கள் ஒரே ஒரு நாள் மீன்பிடி வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் கூரைப் பணத்தில் பெரும்பகுதி தேறிவிடும். வள்ளத்துக்காரர்கள் முடிந்ததைத் தரலாம். பணமாக முடியாதவர்கள் கம்பியாகவோ ஜல்லியாகவோ கொடுக்கலாம். கான்கிரீட் போடும் நாளில் ஆள் உதவிக்கு வந்தாலும் அதுவும் நன்கொடைதான்.

குழுவின் முத்திரையுள்ள ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்குப் பொருளாளர் ஏலக்கூடத்தில் இருப்பார். வரவு செலவு நோட்டும் அங்கேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சேர்ந்திசைக் கூடக் கட்டடக் குழுவினர், தங்கச்சிமடம்