அண்ணனுக்கு நியூகாசில்ல இருந்து: இங்கயும் எல்லைச்சாமி உண்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். மதினியும் பிள்ளைங்களும் சுகமா? வியாழக்கிழமை ராத்திரி போன் போட்டா எடுக்கவே மாட்டேங்க, அங்க என்னதான்ல பண்ணுதன்னு போன தடவை கேட்டீங்கல்லா, அத போன்ல சொன்னா கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நெனைப்பீங்க, அதான் உக்காந்து எழுதுதேன். கேம் ஆடப் போறேன். சீட்டு இல்ல, காசு வைக்கிற ஆட்டமும் இல்ல, மதினிட்ட மொதல்ல இத சொல்லிருங்க.

டிசம்பர்ல இந்த வடக்கு இங்கிலாந்துல நாலு மணிக்குள்ள இருட்டிருது, வேலை விட்டு வெளிய வந்தா மூஞ்சில அறையுத காத்து, மழைன்னும் சொல்ல முடியாது பனின்னும் சொல்ல முடியாது, பொழுது முழுக்க ஒரு நசநசப்பு. பக்கத்து வீட்டுக்காரர் பாத்தா சிரிப்பாரு, குளிருன்னு சொல்வாரு, கதவ சாத்திருவாரு. கூட வேலை பாக்குத பையன் ஒருத்தன்தான் வா எங்க வீட்டுல வியாழக்கிழமை ஆடுவோம்னு கூட்டிட்டுப் போனான். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேரு, 1974ல அமெரிக்காவுல வந்த ஆட்டம். ஒருத்தர் கதை சொல்லுவாரு, அவருக்கு டிஎம்னு பேரு, மத்தவங்க ஆளுக்கொரு வேஷம், ஒருத்தன் திருடன், ஒருத்தி பூசாரி, ஒருத்தன் வாள்வீரன், என்ன செய்யுதோம்னு வாயாலயே சொல்லணும், நடக்குமா நடக்காதான்னு இருபது பக்கம் உள்ள தாயக்கட்டைய உருட்டிப் பாப்போம், பெரிய நம்பர் விழுந்தா நடக்கும். வில்லுப்பாட்டுல பின்பாட்டுக்காரங்களும் கதைக்குள்ள இறங்கி ஆளாளுக்கு இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டா எப்படி இருக்கும், அப்படித்தான். கொஞ்ச நாளா நாந்தான் டிஎம்.

இதுல ஒரு கொறை இருந்துச்சு. நாங்க வச்சிருந்த சாமிங்க எல்லாம் பெரிய சாமிங்க, சூரியனுக்கு ஒண்ணு, போருக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு. பூசாரி வேஷம் கட்டுத பொண்ணு ஆரம்பத்துல ஒரு பேரச் சொல்லுவா, அதோட சரி, மந்திரம் மட்டும் கரெக்டா வந்துரும், சாமி என்ன நெனைக்கும்னு ஒருத்தனுக்கும் பயம் கெடையாது. ஒலகத்தையே ஆளுத சாமிக்கு நம்ம வாய்க்கால் தகராறுல என்ன அக்கறை இருக்கும் சொல்லுங்க. அவர்ட்ட கெஞ்சவும் முடியாது, கோவிச்சுக்கவும் முடியாது.

அப்பதான் பென்வெல்லுக்குப் போனேன், டவுன்ல இருந்து பஸ்ல கொஞ்ச நேரம்தான். சாதாரண தெரு, ரெண்டு பக்கமும் குடும்பம் இருக்குத வீடுங்க, நடுவுல ஒரு சின்ன கோயிலோட அடிக்கல்லு மட்டும் வட்டமா முடியுத சுவரோட கெடக்கு, 1862ல கண்டுபிடிச்சாங்களாம். ரோமாக்காரங்க ஹேட்ரியன் சுவர்னு ஒண்ண கி.பி. 122ல ஆரம்பிச்சு 117 கிலோமீட்டருக்குக் கட்டுனாங்க, அதுல இருந்த ஒரு கோட்டைக்கு வெளிய இருந்த கோயில் இது. சாமி பேரு ஆன்டெனோசிட்டிகஸ். இந்த ஊரத் தவிர ஒலகத்துல வேற எங்கயும் இந்தப் பேரு கெடைக்கல. அங்க வச்ச கல்லுலயே ஒண்ணுல பேரு கொஞ்சம் சுருக்கமா இருக்கு, நம்ம ஊர் பத்திரிகைல சாமி பேர ஆளுக்கொரு மாதிரி அடிப்பாங்கல்லா. இதுல ஒரு கல்ல வச்சவரு குதிரைப்படை அதிகாரி, என்னத்துக்குன்னு பாத்தா அவருக்கு ராஜா மேல்பதவி குடுத்துட்டாரு, அதுக்காக. ப்ரமோஷனுக்கு நேர்த்திக்கடன்! எனக்கு அங்கயே சிரிப்பு வந்துட்டு. சாமியோட தலை மட்டும் இங்க மியூசியத்துல இருக்கு, உள்ள போக காசு கெடையாது, முடி நெத்தியில சுருண்டு கொம்பு மாதிரி நிக்கும், முழியப் பாத்தா கொஞ்சம் கோவக்காரர்தான்.

அன்னைக்கே கேமுக்கு புது சட்டம் போட்டேன். இனி பெரிய சாமி யாரும் பேச மாட்டாங்க. ஒவ்வொரு ஊத்துக்கும் பாலத்துக்கும் ஒரு சாமி, எல்லைக்குள்ள அவரு வச்சதுதான் சட்டம், ஓடையத் தாண்டிட்டா ஒரு எறும்பக்கூட அசைக்க முடியாது. நல்லவரு கெட்டவருன்னு பிரிக்கிறது கெடையாது, அவருக்கு வேணுங்கறது ஒண்ணு இருக்கும், ஆகாதது ஒண்ணு இருக்கும், அவ்வளவுதான். நேந்துக்கிட்டா செய்யணும், செய்யலன்னா தாயக்கட்டைய ரெண்டு தடவ உருட்டி சின்ன நம்பரத்தான் எடுக்கணும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. சுவரு ஓரமா கேராப்ரஃப்னு ஒரு இடம், அங்க கோவென்டினான்னு ஒரு ஊத்துத் தாயி, 1876ல அந்த ஊத்தத் தோண்டுனப்போ 13,000க்கும் மேல காசு, மோதிரம், ஊசி, கல்லு பீடம்னு அள்ளிருக்காங்க. இப்ப அங்க போனா சேறும் புல்லுந்தான். அந்த அம்மாவ அப்படியே கேம்ல வச்சேன். நம்ம திருடன் தாகத்துக்குத் தண்ணி மோந்தான், மத்தவங்க காசு போட்டாங்க, இவன் மட்டும் கள்ளக்காசு ஒண்ணப் போட்டுட்டு இளிச்சான். நான் ஒண்ணும் சொல்லல, காத்து நின்னுட்டுன்னு மட்டும் சொன்னேன். அடுத்த ஊருக்குப் போனதும் அவன் குடுவையத் தொறந்தா தண்ணி கசக்கு. வாங்கிக் குடிச்சாலும் கசக்கு. மத்தவனுக்கு இனிக்கி. எல்லை தாண்டுனா சக்தி கெடையாதுன்னு நீதான சொன்னன்னு சண்டைக்கு வந்தான், அந்த அம்மா எல்லையத் தாண்டலப்பா, நீ அவ தண்ணிய வயித்துக்குள்ள தூக்கிட்டு அலையுதன்னேன். மேசையே அமைதியாயிட்டு. கடைசில ஒரு வெள்ளி ஊசி வாங்கிட்டு அவ்வளவு தூரம் திரும்ப நடந்தான். பழைய சூரிய சாமிக்கு இவன் ஒரு நாளாவது நடந்திருப்பானா?

இன்னொண்ணு கேளுங்க. தெக்க பாத்னு ஊரு, வெந்நீர் ஊத்து இருக்கு, சூலிஸ் மினர்வாங்கற அம்மனுக்குக் கோயில் கட்டிருந்தாங்க. பொருள் திருடு போனவங்க ஈயத்தகட்டுல எழுதி அந்தத் தண்ணில போட்டுருக்காங்க, 130 தகடு போல கெடைச்சிருக்கு. ஒருத்தன் கையுறை ரெண்டு தொலைஞ்சுட்டுன்னு எடுத்தவனுக்குப் புத்தி பேதலிக்கணும் கண்ணு போகணும்னு எழுதிருக்கான், கையுறைக்கு! ஆனைமலை மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசுததும், கொல்லங்குடில காசு வெட்டிப் போடுததும் வேற என்ன. இப்ப எங்க ஆட்டத்துல யாராவது எதையாவது அடிச்சுட்டா மத்தவன் பேப்பர எடுத்து எழுத ஆரம்பிச்சிருதான், எடுத்தது ஆணோ பொண்ணோ அடிமையோ இல்லையோன்னு, அந்தத் தகட்டுல வர்ற மாதிரியே.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சுவர்ல காவலுக்கு வந்தவங்க கதைதான். இப்ப ஹாலந்து இருக்குத பக்கத்துல இருந்து வந்த படைக்காரங்க ஹவுஸ்டெட்ஸ் கோட்டைல அவங்க ஊர் தேவதைங்க பீடா, ஃபிம்மிலேனான்னு ரெண்டு பேருக்குக் கல்லு வச்சிருக்காங்க. சிரியாவுல இருந்து வில்லுக்காரப் படை வந்திருக்கு, வெயில் நாட்டுக்காரங்க, அவங்க தலைவன் இந்தக் குளிர்ல சிரிய தேவதைக்குக் கல்லு நட்டிருக்கான். அதே கோட்டைங்கள்லயே இந்த ஊர்ச் சாமிக்கும் கல்லு வச்சிருக்காங்க. அவனவன் சாமியும் வேணும், எடத்துக்காரர் சாமியையும் விட முடியாது, கோவிச்சுக்கிட்டா யாரு சமாளிக்க.

இப்ப விஷயத்துக்கு வாரேன். உங்க ஊர் சாமியக் கொண்டாயேன்னு பசங்க கேக்காங்க. சுடலை கதைய கொஞ்சம் சொன்னேன், மயானம், வேட்டை, மகுடம் அடிக்கிறது எல்லாம், வாயப் பொளந்துட்டாங்க. ஆனா மாட்டேன்னுட்டேன். இந்த ஆட்டத்துல எதுக்கும் உசுருக்கு ஒரு நம்பர் உண்டு, அது பூஜ்யமானா செத்துரும். ஆன்டெனோசிட்டிகஸுக்கு இன்னைக்குக் கொடை குடுக்க ஆள் இல்ல, அவர வச்சு ஆடலாம், கோவப்பட்டா எங்கிட்டதான் படுவாரு. நீங்க வருஷம் தவறாம படப்பு வைக்கிற பீடத்துக்கு நான் நம்பர் போட முடியுமா? ஒருத்தன் ஒத்துக்கல, எல்லாம் கதைதானங்கான். அவனுக்குக் கதை. அவன் இன்னும் மொறைச்சுக்கிட்டுதான் இருக்கான், இருக்கட்டும்.

அதனால பேர எடுக்காம வழக்கத்த மட்டும் எடுத்து ஒரு புதுச் சாமிய செஞ்சுக்கிட்டு இருக்கேன், சுவருக்கு வடக்க, சுடுகாட்டுக் காவல். அதுக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சாமக்கொடை அன்னைக்கு சாமியாடி தீப்பந்தத்தோட வேட்டைக்குப் போறாருல்லா, போற வழியும் வர்ற வழியும் ஒண்ணுதானா, இல்ல வேற வழியா வருவாரா? சின்ன வயசுல நம்மள வீட்டுக்குள்ள பூட்டிருவாங்க, நான் பாத்ததே இல்ல. பெரியப்பாட்ட கேட்டு வியாழக்கிழமைக்கு முன்னால சொல்லுங்க, ஆனா எதுக்குன்னு அவர்ட்ட சொல்லிராதீங்க. கொடைக்கு இந்த வருஷம் தலைக்கட்டு வரி எவ்வளவுன்னும் எழுதுங்க, ரெண்டா அனுப்புதேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி