சான் ஆன்டோனியோ கிளம்பும் மாப்ளைக்கு

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அந்த அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, முக்கியமானதையெல்லாம் எனக்கும் உரக்க வாசித்துக் காட்டுகிறார். உன் மகள் பிளஸ் டூ முடித்தாளே, எந்தப் பக்கம் போகப் போகிறாள் என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் பயிற்சிக்கு இரண்டு வாரம் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து சான் ஆன்டோனியோ போகிறாய், தங்கச்சியும் கூட வருகிறாள், "டெக்ஸ்-மெக்ஸ் என்று தலையில் கட்டாமல் அசல் மெக்சிகன் சாப்பாடு எங்கே போடுவார்கள்" என்று கேட்டிருந்தாய். டெக்ஸ்-மெக்ஸ் என்றால் டெக்சஸ் பக்கத்து மெக்சிகன் சமையல், அதை நகல் என்று சொல்கிறவர்கள் உண்டு. போன மார்ச்சில் அங்கே அக்கா மகள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தேன் இல்லையா, நானும் அப்போது இதே கேள்வியோடுதான் விமானம் ஏறினேன். திரும்பும்போது அந்தக் கேள்வியே என்னிடம் இல்லை. அதனால் கடைப் பெயர்களுக்கு முன்னால் கொஞ்சம் கதை இருக்கிறது, பொறுமையாகப் படி.

போன அன்று ராத்திரியே ஊருக்கு நடுவில் ஓடும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார்கள். ரிவர் வாக் என்று பேர், பார்க்க அழகான இடம், படகு, விளக்கு, பாட்டு எல்லாம் உண்டு. அங்கே ஒரு கடையில் உட்கார்ந்தோம். தட்டு முழுக்க மஞ்சள் சீஸ் குழம்பாக ஓடியது, டார்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டி பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சூடு பண்ணியது, அரிசி உலர்ந்து கிடந்தது. விலையோ வாய்விட்டுச் சொல்ல முடியாது. இதுதான் டெக்ஸ்-மெக்ஸ் போல என்று மனதில் எழுதிக்கொண்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அப்படியே சொல்லியும் விட்டேன்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மெக்சிகோ வம்சாவளி. கோபப்படவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் வாடியது. "என் குடும்பம் எல்லையைத் தாண்டி வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்றார். அந்தப் பக்கத்தில் பலரும் சொல்கிற வாசகம்தான் அது என்று பிறகு தெரிந்தது, அவர் சொல்லிக் கேட்டபோது எனக்கு அப்படியே மனதில் தைத்துவிட்டது. யோசித்துப் பார், 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவில்தான் இருந்தது. 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தது, 1848-ல் அமெரிக்கா-மெக்சிகோ போர் முடிந்து ரியோ கிராண்டே ஆறுதான் எல்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். வீடு, அடுப்பு, அம்மி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மட்டும் மாறியது. அந்த வீடுகளில் அன்றைக்கு முந்தின நாளும் மறுநாளும் ஒரே சாப்பாடுதான் வெந்திருக்கும். அதைப் போய் நகல் என்று சொல்ல நாம் யார்? டெக்ஸ்-மெக்ஸ் என்ற பேரே முதலில் சாப்பாட்டுக்கு வைத்தது இல்லை, 1875-ல் தொடங்கிய டெக்சஸ் மெக்சிகன் ரயில்வேயைச் சுருக்கி அப்படிச் சொன்னார்கள்.

மைதா டார்ட்டியா அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது, அதுவும் தப்பு. மெக்சிகோவின் வடக்கில் கோதுமை விளைகிறது, அங்கே கோதுமை டார்ட்டியாதான் வீட்டுச் சாப்பாடு. தெற்கே போகப் போக மக்காச்சோளம். டெக்சஸ் அந்த வடக்கின் தொடர்ச்சி. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் எனக்கு முன்னால் செய்தார். மைதா, உப்பு, கொஞ்சம் பேக்கிங் பவுடர், பன்றிக் கொழுப்பு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். பிசைந்து உருண்டை பிடித்து, துணி போட்டு ஊற வைத்து, சின்னக் கட்டையால் தேய்த்து, கோமால் என்கிற இரும்புக் கல்லில் போட்டு எடுத்தார். நம் வீட்டில் சப்பாத்தி போடும்போது அம்மா நிற்பாரே, அதே நிற்பு. வெண்ணெய் தடவி, சூட்டோடு சுருட்டிக் கையில் கொடுத்தார். அந்த ஒன்றைத் தின்ற பிறகு முதல் நாள் ராத்திரி சாப்பிட்டதை டெக்ஸ்-மெக்ஸ் கணக்கிலேயே சேர்க்க முடியவில்லை.

அதனால் மாப்ள, நீ தேட வேண்டியது நம்பிச் சாப்பிடக்கூடிய அடுப்பை. அது டெக்ஸ்-மெக்ஸா மெக்சிகனா என்பது அப்புறம். நான் பார்த்த அடையாளம் இதுதான்: டார்ட்டியாவை அங்கேயே தேய்த்துச் சுடுகிறார்களா என்று முதலில் பார். நல்ல கடைகள் பெரும்பாலும் ஊரின் மேற்குப் பக்கத்திலும் தெற்குப் பக்கத்திலும் இருக்கின்றன, விடிகாலையில் திறந்து மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், வாசலில் வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் நிற்கும். மெனூடோ என்கிற மாட்டு இரைப்பை சூப் சனி, ஞாயிறு மட்டும் என்று எழுதிப் போட்டிருந்தால் தைரியமாக உள்ளே போ.

காலைச் சாப்பாட்டுக்கு டாக்கோதான் அங்கே, டார்ட்டியாவுக்குள் எதையாவது வைத்து மடித்தது. உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்தது ஒன்று, பீன்ஸும் சீஸும் வைத்தது ஒன்று, கார்னே கிசாடா வைத்தது ஒன்று என்று சொல்லி வாங்கு. கார்னே கிசாடா என்பது மாட்டுக்கறியைச் சீரகம் போட்டுக் கெட்டியாக வேக வைத்த குழம்பு. முதல் வாயிலேயே உனக்கு ஊர் ஞாபகம் வரும். இந்தச் சீரக வாசனைதான் டெக்ஸ்-மெக்ஸைத் தனியாகக் காட்டிக்கொடுப்பது, மெக்சிகோவின் மற்ற பகுதிகளில் இவ்வளவு அள்ளிப் போட மாட்டார்கள். 1731-ல் ஸ்பெயின் அரசர் கானரி தீவுகளிலிருந்து குடும்பங்களை அனுப்பி இந்த ஊரில் குடியேற்றினார், அவர்களோடு வந்த கைப்பழக்கம் இது என்று சொல்கிறார்கள்.

ஊர்க் கதையில் என் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1880-களில் மிலிட்டரி பிளாசா என்கிற திடலில் சாயங்காலமானால் மெக்சிகோ வம்சத்துப் பெண்கள் மேசை போட்டு, விளக்கேற்றி, மிளகாயில் வெந்த கறியைக் கிண்ணத்தில் ஊற்றி விற்பார்களாம். சில்லி குவீன்ஸ் என்று பேர். படைவீரர்கள், வண்டிக்காரர்கள், வெளியூர்ப் பணக்காரர்கள் எல்லோரும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் திடலில் நகர மன்றக் கட்டடம் வந்ததும் வேறு திடலுக்கு நகர்த்தினார்கள், அங்கிருந்தும் நகர்த்தினார்கள், 1930-களில் சுகாதார விதி என்று சொல்லி மூட வைத்தார்கள், கடைசியில் 1940-களில் மொத்தமாக நின்றுபோனது. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கைகள் அவை. இதே ருசியைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்ற வியாபாரம் 1890-களில் பக்கத்து ஊரான நியூ பிரான்ஃபெல்ஸில் ஒரு ஜெர்மன்காரர் கையில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் போனது. மேசை போட்டுச் சமைத்த பெண்களில் பெரும்பாலோர் பேர்கூட எங்கும் இல்லை. அந்தத் திடலில் நின்றபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சரி, பஃபி டாக்கோவுக்கு வருவோம், அதைத் தின்னாமல் வந்தால் உன்னோடு பேச மாட்டேன். மாசா என்கிற பச்சை மக்காச்சோள மாவைத் தட்டி நேரே கொதிக்கும் எண்ணெயில் விடுகிறார்கள், பூரி மாதிரி உப்புகிறது. உப்பும்போதே கரண்டியால் நடுவில் அழுத்தி மடிப்பு விழ வைக்கிறார்கள். உள்ளே கொத்துக்கறியோ கோழியோ, மேலே லெட்டூஸ், தக்காளி. வந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும், போட்டோ எடுக்க நின்றால் ஊறிப்போய்விடும். 1956-ல் தொடங்கிய ரேய்ஸ் டிரைவ் இன் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது, அதைத் தொடங்கிய ரேயின் தம்பி 1978-ல் ஆரம்பித்தது ஹென்றிஸ் பஃபி டாக்கோஸ். ஊரில் இரண்டுக்கும் கட்சி உண்டு. நான் ரேய்ஸ் கட்சி.

மாசா என்றேனே, அதன் சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி அரைக்கிறார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு வகைதான். அதில் ஊறினால்தான் மாவு ஒட்டிக்கொள்ளும், சோளத்தில் அடைபட்டுக் கிடக்கிற நியாசின் என்கிற வைட்டமினும் உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்து ஊர் ஊராகக் கஷ்டப்பட்டார்கள். சுண்ணாம்பில் ஊறிய சோளத்துக்கு ஒரு மண்வாசனை உண்டு. ஒருமுறை பிடிபட்டுவிட்டால், பாக்கெட் மாவில் செய்த டார்ட்டியாவை மூக்கே சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்பகோவா வாங்கப் போ. மாட்டுத் தலைக்கறி. ஒரு காலத்தில் குழி வெட்டி, கட்டை எரித்து, தலையைச் சாக்கில் சுற்றிப் புதைத்து ராத்திரி முழுக்க வேக வைத்தார்கள். இப்போது கடைகளில் பெரும்பாலும் ஆவியில்தான் வேகிறது, எல்லையோரம் பிரௌன்ஸ்வில்லில் வேராஸ் என்ற கடை மட்டும் இன்னும் குழியில் செய்கிறது, அங்கே போக எனக்கு வாய்க்கவில்லை. பவுண்டுக் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். கன்னக்கறி வேண்டுமென்றால் கச்சேத்தே, நாக்கு வேண்டுமென்றால் லெங்குவா என்று கேள். சோள டார்ட்டியாவில் வைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து, கூடவே பிக் ரெட் என்கிற சிவப்பு சோடா. அந்த சோடா பபிள் கம் மாதிரி இனிக்கும், ஆனால் கொழுப்புக் கறிக்கு அதுதான் என்று ஊரே சொல்கிறது. எனக்கும் இரண்டாவது வாரம் பிடித்துவிட்டது.

தங்கச்சி சைவம் என்பதால் இதை மறக்காமல் சொல்லிவிடு: மசித்த பீன்ஸ் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்கியது, மைதா டார்ட்டியாவிலும் அது இருக்கலாம், தக்காளி போட்ட சிவப்புச் சாதத்தைக் கோழித் தண்ணீரில் வேக வைப்பார்கள். "மாந்தேகா", அதாவது பன்றிக் கொழுப்பு, போட்டிருக்கிறீர்களா என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்கச் சொல், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சோள டார்ட்டியாவில் பொதுவாக அந்தப் பயம் இல்லை. நோபாலிட்டோஸ் கிடைத்தால் வாங்கிக் கொடு. நம் ஊர் வேலியோரத்து சப்பாத்திக்கள்ளிதான், அதன் இளம் மடலை முள் சீவி, நறுக்கி வதக்குகிறார்கள், வெண்டைக்காய் மாதிரி கொஞ்சம் வழவழப்பு இருக்கும். கள்ளிக்குப் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். மிளகாயும் தக்காளியும் அங்கிருந்து வந்தவை, சப்போட்டாவுக்கு மெக்சிகோவின் பழைய நாவாட்ல் மொழிப் பேரையே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாங்காயும் புளியும் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போயிருக்கின்றன. பழக்கடையில் மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தபோது நான் பேசாமல் வாங்கித் தின்றுகொண்டே நின்றேன், பள்ளிக்கூட வாசல்தான் நினைவில்.

மெக்சிகோவின் உள்பகுதிச் சாப்பாடும் வேண்டுமென்றால் அதுவும் அங்கே இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் கார்னிடாஸ் லோன்ஹா என்ற கடை, மெக்சிகோவின் மிச்சோவகான் மாநில முறையில் பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேக வைக்கிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும், காலையிலேயே போ. ஆபீஸ் செலவில் ஒரு நாள் கிடைத்தால் மிக்ஸ்ட்லி என்ற உணவகத்தில் முன்பதிவு செய். மெக்சிகோவின் ஒரு பகுதி, ஒரு காலம் என்று எடுத்துக்கொண்டு அதை வைத்தே மொத்த விருந்தும் போடுகிறார்கள், 2024-ல் உணவகங்களுக்குத் தரும் மிச்சலின் ஸ்டார் என்ற பெரிய விருது கிடைத்தது. அக்கா மகள் கூட்டிப்போனாள். அருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைவில் தங்கியது பக்கத்து வீட்டு டார்ட்டியாதான். அப்புறம், மார்க்கெட் ஸ்கொயரில் மி தியெர்ரா என்ற உணவகம், 1941-ல் மூன்று மேசையோடு தொடங்கியது. இப்போது சுற்றுலாக் கூட்டம் நெரிகிறது, என்றாலும் பேக்கரிப் பக்கம் போய் கோன்சா என்கிற சிப்பி வடிவ இனிப்பு ரொட்டி நாலு வாங்கிக்கொள், மறுநாள் காலைக் காப்பிக்கு ஆகும்.

ரிவர் வாக்கில் நட, படகில் போ, சாப்பாட்டுக்கு மட்டும் அங்கே உட்காராதே.

உன்னிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பிகின் மிளகாய் என்று காட்டு மிளகாய் ஒன்று அங்கே தானாக வளர்கிறது, நம் காந்தாரி அளவுதான், காரம் சுருக்கென்று ஏறும். காய்ந்தது மளிகைக் கடையில் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கும். ஒன்று வாங்கி வா. அப்பா பேப்பரில் அதைப் பற்றிப் படித்துவிட்டு, தயிர்சாதத்துக்கு எப்படி இருக்கும் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்